இரத்தசோகையின் வரவு செலவு

சில ஆண்டுகளுக்கு முன், வட சென்னையில் திருவொற்றியூரை அடுத்த ஒரு மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தை ஆய்வு செய்ய நாம் சென்றிருந்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துத் தரும் சங்கம் அது. துணி வழங்கிய பதிவேட்டையும் தைத்து வந்த உருப்படிகளின் பதிவேட்டையும் ஒப்பிட்டு வருகையில், அங்கத்தினர் ஒருவரின் பக்கம் கண்ணை உறுத்தியது. நல்ல வேலைக்காரி என்று காரியதரிசியே சான்று கூறிய அந்த அம்மையார், மூன்று மாதமாக முன்பு தைத்ததில் பாதிகூடத் தைக்கவில்லை. சங்கத்தில் பெற்ற கடனிலும் இரண்டு தவணை பாக்கி நின்றது. அழைத்து விசாரித்தோம். “கை ஓட மாட்டேங்குது சார்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ‘வேலையில் ஊக்கமின்மை, கண்டித்துத் திருத்துக’ என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிக் கையொப்பமிட்டுத் திரும்பினோம்.

அடுத்த மாதம் அவர் ரயில் நிலையப் படிகளில் ஏறும்போது மயங்கி விழுந்தார் என்ற செய்தி வந்தது. அரசு மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 6 கிராமுக்குச் சற்றே மேலாக இருந்ததாம். ஒரு பெண்ணுக்கு இருக்க வேண்டியதில் அது பாதி. தையல் எந்திரத்தை மிதிப்பதற்கே மூச்சு வாங்கியிருக்கும். அதைத்தான் நாம் ஊக்கமின்மை என்று எழுதிவிட்டு வந்தோம். நாம் வைத்தியர் அல்லோம். பொருளியல் பட்டம் பெற்றுக் கூட்டுறவுத் துறைக்கு வந்தவர். ஆயினும் அந்தக் குறிப்பு கோப்பில் இருப்பதை எண்ணியபோதெல்லாம் இந்த நோயைப் பற்றிப் படிக்க வேண்டும், தெரிந்தவர்களைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அவ்வாறு அறிந்தவற்றை நெசவாள அன்பர்களுக்கும் உழவர் அன்பர்களுக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது ஒரு பெண்மணியின் கதை மட்டுமன்று. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஒரு சங்கத்தில் நூற்றுக்கு 53 பேர் தவணை தவறினால் துறை எவ்வளவு பரபரப்படையும் என்பதை நாம் அறிவோம்.

‘இரத்தம் குறைந்துவிட்டது’ என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். குறைவது பெரும்பாலும் இரத்தத்தின் அளவன்று. இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் பொருள் இருக்கிறது. நுரையீரலிலிருந்து பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு போய் உடலின் ஒவ்வோர் அங்கத்திலும் இறக்குவது அதுவே. இதன் அளவு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராமுக்கும் கீழே போனால் அதை இரத்தசோகை என்பர். துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது, சரக்கும் இருக்கிறது, லாரிகள் மட்டும் பாதிதான் வருகின்றன என்றால் எப்படி இருக்குமோ அப்படித்தான் உடலும் ஆகிறது. இதயம் எஞ்சிய லாரிகளை விரட்டி விரட்டி ஓட்டுகிறது, அதுவே படபடப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டுகிறது, தலை சுற்றுகிறது, கீழிமையைச் சற்றே இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளுத்திருக்கிறது, சிலருக்கு நகம் கரண்டிபோல் குழிந்துவிடுகிறது.

மற்றோர் அடையாளம் உண்டு. அதை நம் வீடுகளில் வேடிக்கையாகவே கொள்கிறோம். பச்சரிசியை வாயில் போட்டுக்கொண்டே இருப்பது, சாம்பல், சுண்ணக்கட்டி, செங்கல் துண்டு, மண் ஆகியவற்றின்மீது ஆசை கொள்வது, ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருப்பது. அரிசி தின்னும் பெண்ணின் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று பாட்டிமார் சொல்வர். மழை பெய்யுமோ பெய்யாதோ, அந்தப் பெண்ணின் இரத்தத்தை ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. இரும்புச்சத்துக் குறைவில் இத்தகைய ஆசை தோன்றுவதும், குறை தீர்ந்தபின் தானே மறைவதும் வைத்தியர் பலரும் கண்டதே.

இனி, நமக்குப் பழக்கமான கணக்கு வழியில் பார்ப்போம். ஹீமோகுளோபினுக்கு மூலப்பொருள் இரும்பு. வளர்ந்த ஓர் ஆணின் உடலில் உள்ள இரும்பு முழுவதும் சேர்ந்து 4 கிராம் அளவே. பெண்ணுக்கு அதனினும் குறைவு. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ஆயுள் முடிந்த அணுவை உடல் கழித்துத் தள்ளிவிடுவதில்லை. பிரித்து, அதிலுள்ள இரும்பை எடுத்துப் புது அணுவுக்குக் கொடுக்கிறது. நாள்தோறும் இவ்வாறு கைமாறும் இரும்பு 20 மில்லிகிராம் வரை இருக்கும். வெளியிலிருந்து ஆகாரத்தின் வழியே உடலில் சேரும் புது வரவோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான். தோல் உதிர்வது முதலியவற்றால் வெளியேறும் செலவும் ஏறக்குறைய 1 மில்லிகிராம். இவ்வளவு சிக்கனமான நிர்வாகத்தை எந்தச் சங்கத்திலும் நாம் கண்டதில்லை. ஆனால் வரவு இத்தனை சிறியதாக இருப்பதால், செலவு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் கூடினாலும் கணக்கு புரண்டுவிடுகிறது.

உடலுக்கு ஒரு சேமநிதியும் உண்டு. ஈரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இரும்பு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஃபெரிட்டின் என்ற சோதனையால் அதன் இருப்பை அறியலாம். செலவு மிகும்போது முதலில் கரைவது இந்த நிதியே. அது முற்றும் தீர்ந்த பின்னரே ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்குகிறது. சேமநிதி கரைந்ததைப் பாராமல் கைரொக்கத்தை எண்ணிவிட்டு ‘சங்கம் நலம்’ என்று எழுதும் ஆய்வாளரைப்போல, ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி கொள்வதிலும் தவறு நேரலாம்.

ஆகவே இரத்தசோகை என்பது நோயின் பெயர் என்பதைவிட, ஐந்தொகையில் தெரியும் நட்டத்தின் பெயர் எனலாம். எந்தத் தலைப்பில் நட்டம் என்பதைக் காணாமல் வெறுமனே பணம் போட்டுக்கொண்டிருந்தால் சங்கம் தேறாது, உடலும் தேறாது.

பெண்களுக்குப் பெருஞ்செலவு மாதவிலக்கு. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தோடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதம் 40 மில்லிலிட்டர் போனால் 20 மில்லிகிராம் இரும்பு போயிற்று. அதை ஒருவாறு ஈடுகட்டலாம். அதன் இருமடங்கு போகிறவர்களுக்கு ஆகாரத்தால் மட்டும் ஈடுகட்டுவது அரிது. எவ்வளவு போகிறது என்று எப்படி அளப்பது? ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், கட்டி கட்டியாக வந்தாலும், மணிக்கொரு முறையோ இரண்டு மணிக்கொரு முறையோ துணி மாற்ற நேர்ந்தாலும் அது மிகை. இதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும் என்று நம் பெண்மக்களுக்குத் தோன்றுவதேயில்லை. ‘எனக்கு எப்போதும் அப்படித்தான்’ என்பர். கருப்பையில் நார்க்கட்டி இருந்தாலும் அப்படி வரும்.

அடுத்த பெருஞ்செலவு பிள்ளைப்பேறு. ஒரு கர்ப்பகாலம் முழுவதற்கும் தாயின் உடல் தேடித் தர வேண்டிய இரும்பு மொத்தம் 1000 மில்லிகிராம் அளவு. சேமநிதி இல்லாத பெண் இதற்கு எங்கே போவாள்? ஒரு பேற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் போதிய இடைவெளி இல்லையெனில் பழைய கடன் தீருமுன் புதுக்கடன் ஏறுகிறது. மிகக் கடுமையான சோகையுடன் பிரசவத்துக்குச் செல்பவளுக்கு, மற்றவர்கள் தாங்கும் இரத்தப்போக்கே உயிருக்கு உலையாகிவிடும்.

உழவர் அன்பர்கள் கவனிக்க வேண்டியது கொக்கிப்புழு. 1880ஆம் ஆண்டு ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து செயின்ட் கோத்தார்டு சுரங்கப்பாதை அமைத்த தொழிலாளர்களிடையே கடுஞ்சோகை பரவியது. அவர்கள் குடலில் இருந்த கொக்கிப்புழுக்களே காரணம் என்பதை இத்தாலிய அறிஞர்கள் கண்டனர். புழு உடலில் எப்படிப் புகுகிறது என்பது அதன்பின் பல ஆண்டுகள் தெரியவில்லை. எகிப்தில் ஆராய்ச்சி செய்த லூஸ் என்பவர் தம் கையில் தற்செயலாகப் புழுக்குஞ்சுகள் உள்ள நீரைச் சிந்திக்கொண்டார்; கை அரித்தது; சில வாரங்களில் அவர் மலத்திலேயே முட்டைகள் காணப்பட்டன. தோலைத் துளைத்துக்கொண்டே இது புகுகிறது என்பது அவ்வாறு வெளியாயிற்று. திறந்தவெளியில் மலம் கழித்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடந்தால் போதும். நூறு புழுக்கள் குடலில் தங்கினால் நாள்தோறும் சில மில்லிலிட்டர் இரத்தம் அவற்றுக்குப் படி அளந்தாக வேண்டும். மேலே சொன்ன ஒரு மில்லிகிராம் கணக்கை நினைவில் வைத்துப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து வயல்களில் இறங்குவோர் காலுக்குச் செருப்பும் வீட்டுக்குக் கழிப்பிடமும் கொள்வது இரத்தத்தைக் காப்பதாகும். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று புழுவை நீக்கும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று வைத்துப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இதைக் கொடுத்து வந்திருக்கிறார்கள். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் மட்டும் இது கூடாது.

ஆண்களுக்குச் சோகை வந்தால் அதை இலேசாக எண்ணிவிடலாகாது. அவர்களுக்கு மாதச் செலவு இல்லை. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இதுவே நியாயம். இவர்களுக்கு இரும்பு குறைந்தால் எங்கோ மறைவாக இரத்தம் கசிகிறது என்றே முதலில் ஐயுற வேண்டும். துறைமுகத்திலும் காசிமேட்டு மீன்பிடித் துறையிலும் சுமை தூக்குவோர், இடுப்பு வலிக்கும் தோள் வலிக்கும் கடையில் மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். வலி மாத்திரைகளில் பல இரைப்பையைப் புண்ணாக்குபவை. புண் கசிந்தால் மலம் கரிய தார்போல் போகும். மூலநோய் இன்னொரு வழி. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரைப்பையிலோ குடலிலோ புற்று தோன்றியிருப்பதை முதன்முதலில் சோகையே காட்டிக்கொடுப்பதும் உண்டு. ‘வயசாயிடுச்சு, அசதி’ என்று டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பவர் சோதனைக்குரிய காலத்தை இழக்கிறார்.

செலவைப் பார்த்தோம், வரவு எப்படி? சோறும் குழம்பும் வயிற்றை நிரப்புகின்றன. தீட்டிய அரிசியில் இரும்பு மிகக் குறைவு. கீரை, பயறு, கேழ்வரகு, கம்பு இவற்றில் இரும்பு உண்டு. ஆனால் தாவர இரும்பில் சிறு பங்கையே குடல் ஏற்கும். மாமிசத்திலும் மீனிலும் உள்ள இரும்பு எளிதில் சேரும். உடன் உண்ட கீரையின் இரும்பையும் அது சேர்த்து இழுத்துக்கொள்ளும். வட சென்னை வீடுகளில் வெளுத்துப்போன பெண்ணுக்கு ஆட்டின் சுவரொட்டியை வாங்கிச் சுட்டுக் கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. சுவரொட்டி என்பது மண்ணீரல். ஈரலைவிடவும் பன்மடங்கு இரும்பு உள்ளது அது. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு, சிரிப்பதற்கு இடமில்லை. பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்ற நம்பிக்கைக்குத்தான் ஆதாரம் போதாது. அந்தச் சிவப்பு அதன் சாயமே. இரும்பு அதில் சொற்பம்.

மரக்கறி உண்போர் செய்ய வேண்டியது எளிது. முருங்கைக்கீரையோ முளைக்கீரையோ சமைத்த அன்று, ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ உடன் சேர வேண்டும். அவற்றிலுள்ள வைட்டமின் ‘சி’ தாவர இரும்பைக் குடல் ஏற்கும்படி செய்கிறது. இதற்கு நேர் எதிரி டீ. சாப்பாட்டோடு ஒரு குவளை டீ குடித்தால் அந்தச் சாப்பாட்டிலிருந்து சேர வேண்டிய இரும்பில் பாதிக்குமேல் சேராமல் போகும். தொழிற்சாலை வாசலில் காலை ஆகாரம் என்பதே டீயும் பன்னும்தான் என்பதை எண்ணும்போது நமக்குக் கவலை உண்டாகிறது. டீயை விட்டுவிடுங்கள் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், நாமும் விடவில்லை. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ குடித்தால் போதும்.

இன்னொன்று: வீட்டில் எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்பது யார்? மீன் துண்டும் முட்டையும் அவரிடம் வந்து சேர்கின்றனவா? இதை அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரும்பு மட்டுமே காரணம் என்று எண்ணிவிடலாகாது. இதை உலகுக்கு உணர்த்திய ஆராய்ச்சியில் துணி ஆலைப் பெண்களுக்கும் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவப் பெண்மணி 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் ஒருவகைக் கடுஞ்சோகை கண்டது. சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் பெருத்தும் காணப்பட்டன. கிருமியா என்று தேடினார், இல்லை. அவர்கள் உண்பதை ஆராய்ந்தார். காய்கறியும் பழமும் அரிதாக இருந்தன. குன்னூரிலும் சென்னையிலும் அவர் பணி தொடர்ந்தது. 1931இன் தொடக்கத்தில் திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரியில், இன்று கஸ்தூரிபாய் காந்தி மருத்துவமனை எனப்படும் இடத்தில், அவர் வேலை செய்தார். விலை மலிந்த ‘மார்மைட்’ என்னும் ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களைக் குணப்படுத்துவதைக் கண்டு அவ்வாண்டே வெளியிட்டார்.

அந்தச் சாற்றில் இருந்த பொருள் யாது என்பது பின்னரே தெரிந்தது. 1941இல் பசலை போன்ற ஒரு கீரையின் இலைகளிலிருந்து அதைப் பிரித்தனர். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1945இல் அதை அமெரிக்காவில் செயற்கையாக ஆக்கிய குழுவை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தியடிகளின் சொல்லை ஏற்று அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கும் கதர் அங்கியே அணிந்து சென்றதால் ஆசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதனினும் தாழ்ந்த சான்றிதழே பெற்றார் என்பது நெசவாள அன்பர்கள் அறியத்தக்கது. அவருடன் பிறந்தார் இருவர் ‘ஸ்புரூ’ என்னும் குடல்நோயால் மாண்டனர். ஃபோலிக் அமிலம் குறைந்து சோகை உண்டாக்கும் நோய் அது. அதே அமிலத்தை அவர் குழு மருந்தாக்கிற்று.

இந்த அமிலம் கீரையிலும் பயற்றிலும் நிறைய உண்டு. ஆனால் நெடுநேரம் கொதித்தால் அழியும். கீரை வெந்த நீரை வடித்துக் கொட்டினால் நீரோடு போய்விடும். இதற்குத் தங்கை போன்றது வைட்டமின் பி12. பால், முட்டை, மீன், இறைச்சி தவிர வேறு இயற்கை ஆகாரத்தில் அது கிட்டாது. பாலும் அருந்தாத மரக்கறியினருக்கும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கும் இது குறையலாம். சோகையோடு கால் மரத்துப்போதலும் தோன்றும்.

பிற காரணங்களைச் சுருங்கச் சொல்வோம். மலேரியா சிவப்பணுவை உடைக்கிறது. சிறுநீரக நோயிலும் இரத்தம் ஊறுவது குறைகிறது. தலசீமியா பிறவிக்குறை, அதற்கு இரும்பு மாத்திரை மருந்தாகாது, சமயத்தில் கேடும் செய்யும். சோதனையின்றி ஆண்டுக்கணக்கில் இரும்பு விழுங்கலாகாது என்பதற்கு இது ஒன்றே போதும். பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் தொழிலில் இருப்போர்க்கு ஈய நஞ்சு ஹீமோகுளோபின் உருவாவதையே தடுக்கும். வீட்டுக்குள் அந்த உடையோடு நுழைந்தால் பிள்ளைகளையும் தாக்கும். எண்ணூர்ப் பக்கம் சென்றால், ‘இந்தப் புகைதான் சார் எங்க இரத்தத்தைக் குடிக்குது’ என்பார்கள். புகை நுரையீரலுக்குச் செய்யும் கேட்டை மறுப்பார் இல்லை. ஆனால் பழியைப் புகையின்மேல் போட்டுவிட்டு உதிரப்போக்கையும் உணவையும் புழுவையும் தேடாமல் விட்டுவிடுவது நமக்கே நட்டம்.

சோதனைக்கு வேண்டுவது ஒரு துளி இரத்தம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிச் செய்வர். மகாசபைக் கூட்டத்துக்கு அங்கத்தினர் எல்லோரும் வருகிற நாளில் சுகாதாரச் செவிலியரை அழைத்து இச்சோதனையை நடத்தலாம். காரியதரிசி ஒரு கடிதம் எழுதினால் ஆகக்கூடிய காரியம். அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. கர்ப்பிணிகள் 180 நாள் உட்கொள்ள வேண்டும். பலர் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பதைக் கண்டு அஞ்ச வேண்டா. அது இரும்பின் நிறம். குமட்டினால் இரவில் படுக்கும்முன் உட்கொள்ளலாம். டீ, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டு மாத்திரையையும் ஒருங்கே விழுங்கிவிடும் கர்ப்பிணிகளை நாமே கண்டிருக்கிறோம். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிடில் வேறு காரணம் இருக்கிறது. எண் சரியான பிறகும் சேமநிதி நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

அந்தத் தையற்கார அம்மையாருக்கு ஆகாரக்குறை பெரிதாக இல்லை. மீன் உண்ணும் குடும்பம். பேரீச்சம்பழச் சாறும் பல மாதமாகக் குடித்து வந்தாராம். கருப்பையில் நார்க்கட்டி, மூன்று ஆண்டாக மிகையான உதிரப்போக்கு, யாரிடமும் சொல்லவில்லை. நம்மிடம் அவர் எப்படிச் சொல்லியிருப்பார்? எதிரே பதிவேட்டுடன் அமர்ந்திருந்தவர் ஆண் அதிகாரி. சுற்றிலும் நான்கு பேர். இரத்தம் ஏற்றினர், கட்டிக்குச் சிகிச்சை நடந்தது, ஊசி மூலம் இரும்பு செலுத்திப் பிறகு மாத்திரையும் கொடுத்தனர்.

மறு ஆண்டு ஆய்வுக்குச் சென்றபோது அவர் பக்கத்தில் உருப்படிகள் பழைய கணக்குக்கு வந்திருந்தன. நின்ற தவணைகளுக்கு நிர்வாகக் குழு கால நீட்டிப்பு அளித்திருந்தது. அரசாங்கக் கோப்பில் எழுதியதை அடிக்கவோ கிழிக்கவோ விதி இடந்தராது. ஆகவே நம் பழைய குறிப்பின் கீழ், ‘மேற்படி அங்கத்தினர் அக்காலத்தில் கடும் இரத்தசோகையுற்றிருந்தார், ஊக்கமின்மை என்றது பிழை’ என்று எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட்டோம்.